பையனுக்கு ஐந்து முடிந்தால் அப்பாவிடம் போய்விடுவானா?

கேள்வி:
அக்காவுக்கு விவாகரத்து வழக்கு நடக்கிறது. பையனுக்கு ஏப்ரலில் ஐந்து முடிகிறது. "அஞ்சு முடியட்டும், சட்டப்படி எங்க வாரிசு எங்க வீட்டுக்கு வந்துரும்" என்று மாமா வீட்டில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அக்கா ராத்திரி தூங்குவதில்லை. அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருக்கிறதா? வக்கீலைக் கேட்டால் "பாத்துக்கலாம் தம்பி" என்கிறார்.

17 பிப்ரவரி 2024

இல்லை. பாதிச் சட்டம் இருக்கிறது, மீதியை மாமா வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

1956-இல் வந்த இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டத்தில் 6-ஆவது பிரிவு. மைனரின் இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா. ஆனால் ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும். ஐந்து நிறைந்த மறுநாள் யாரிடம் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, எல்லாவற்றுக்கும் மேல் குழந்தையின் நலன் என்கிறது. மாமா வீட்டார் ஆறோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள் போல.

எங்கள் வழக்கு கோவையில் தொடங்கியபோது என் மகனுக்கு நான்கரை. ஐந்தாவது பிறந்தநாள் ஒரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தாவுக்கும் நடுவில் வந்து போனது. யாரும் ஜீப்பில் வந்து இறங்கவில்லை. அக்காவைத் தூங்கச் சொல்.

17 பிப்ரவரி 2024, இரவு

விட்டுப்போனது. காப்பாளர் வேறு, கஸ்டடி வேறு. காப்பாளர் என்பவர் மைனர் சார்பில் கையெழுத்துப் போடுகிறவர், சொத்து இருந்தால் பார்த்துக்கொள்கிறவர். கஸ்டடி என்பது பையன் யார் வீட்டில் தூங்கி எழுந்து பள்ளிக்குப் போகிறான் என்பது. இரண்டையும் குழப்பித்தான் பாதிப் பயம் வருகிறது.

காப்பாளர் விஷயத்திலும் அப்பாதான் எல்லாம் என்பது 1999-இலேயே ஆடிப்போயிற்று. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்தோடு வா என்று திருப்பி அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்பா உயிரோடு இருந்தும் பிள்ளையின் காரியத்தில் தலையிடாமல் ஒதுங்கியிருந்தால், அம்மாவே காப்பாளர் என்று தீர்ப்பு வந்தது. அதோடு சேர்த்து விசாரித்த இன்னொரு மனு வந்தனா சிவாவுடையது, அது விவாகரத்துப் பின்னணியில் எழுந்தது.

21 பிப்ரவரி 2024

"எல்லாச் சட்டமும் பொம்பளைக்குத்தான்" என்று எழுதிய அண்ணனுக்கு.

கஸ்டடி மனு இன்னும் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் போடப்படுகிறது, கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். கோர்ட் வராந்தாவில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று சொல்வது அதைத்தான். அதன் 17-ஆவது பிரிவு நீதிபதி எதைப் பார்க்க வேண்டும் என்கிறது: குழந்தையின் வயது, பால், மதம், கேட்பவரின் நடத்தை, தகுதி, உறவு நெருக்கம், விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். இத்தனை வயது என்று அதற்கும் கணக்கில்லை. அம்மாவுக்குக் கொடு, அப்பாவுக்குக் கொடு என்று எங்கும் இல்லை.

நடைமுறை வேறு. மனு போடும் நாளில் குழந்தை யாரிடம் இருக்கிறதோ, வழக்கு இழுக்க இழுக்க அவர் பக்கமே சாய்கிறது. பள்ளிக்கூடம், தெருப் பிள்ளைகள், டியூஷன் எல்லாம் அங்கே அமைந்துவிடும். அதைக் கலைக்க எந்த நீதிபதியும் யோசிப்பார். வழக்கமாகக் குழந்தை வசிக்கும் ஊர்க் கோர்ட்டில்தான் அந்த மனுவைப் போடவும் முடியும். இது தெரிந்துதான் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முதலில் பிள்ளையைத் தூக்குகிறார்கள். "மொதல்ல பையனக் கூட்டிட்டு வந்துரு கண்ணு, பாத்திரம் பண்டமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் என் அப்பா. நான் அப்படித்தான் வந்தேன். பாத்திரம் இன்னும் வரவில்லை.

22 பிப்ரவரி 2024

ஐந்து இல்லை, ஏழு வயது என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். அது முஸ்லிம் தனிச்சட்டத்தில், ஹனஃபி முறையில், ஆண் பிள்ளைக்கு; பெண் பிள்ளைக்குப் பருவமடையும் வரை. அங்கேயும் கோர்ட்டுக்குப் போனால் நலன்தான் முதலில் பார்க்கப்படும். இந்தத் தம்பியின் அக்காவுக்கு அது பொருந்தாது.

2 மார்ச் 2024

தம்பி, சுற்றி வளைத்தது போதும். அக்காவிடம் இதைச் சொல்.

கஸ்டடி யாருக்கு என்று எல்லாரும் அடித்துக்கொள்ளும்போது ஆர்டரின் கடைசி இரண்டு வரியை யாரும் படிப்பதில்லை. மற்றவர் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் பார்ப்பார் என்ற வரி. பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும் வரை இரண்டு பேரும் குடியிருக்கப்போவது அந்த வரிக்குள்தான். "ஜெயிச்சாச்சு" என்று ஆர்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்த பலரை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமையே திரும்ப வக்கீல் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள்.

எங்களுக்கு முதலில் வந்த இடைக்கால உத்தரவில் இருந்தது: "இரு தரப்பினரும் கலந்து பேசி, வசதியான நேரத்தில்." கலந்து பேச முடிந்தால் கோர்ட்டுக்கு எதற்கு வந்தோம்?

பையனின் அப்பாவுக்கு வசதியான நேரம் காலை ஏழரை. பல் தேய்க்காத பையனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போக வந்து நிற்பார். எனக்கு வசதியான நேரம் மாலை நான்கு. ஒரு சனிக்கிழமை பையனுக்கு உண்மையிலேயே காய்ச்சல். "வருசம் பூரா சனிக்கிழமைதான் காய்ச்சல் வருமா?" என்று கேட்டில் நின்று கத்தினார். நான் தெர்மாமீட்டரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அது யாருடைய காய்ச்சல் என்று பதில் வந்தது. அடுத்த வாய்தாவில் அவர் வக்கீல் ஒரு ஐ.ஏ. (வழக்கின் நடுவில் போடும் இடைக்கால மனு) போட்டார், நான் பார்க்க விடவில்லை என்று. நாங்கள் கவுண்டர், அதாவது பதில் மனு, போட்டோம். தெர்மாமீட்டர் போட்டோ ஆவணமாக இணைக்கப்பட்டது. சிரிக்காதீர்கள், நம்பர் போட்டு இணைத்தார்கள்.

அதற்குப் பிறகு கோர்ட் வளாகத்திலேயே சந்திப்பு, சனிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை. ஒரு அறை, ஒரு பிளாஸ்டிக் சறுக்கு, ஒரு கண் போன கரடி. பக்கத்து நாற்காலியில் வேறொரு குடும்பம், வேறொரு அழுகை. அவர் பேக்கரியிலிருந்து பப்ஸ் வாங்கி வருவார். மகன் அந்த இடத்துக்கே "பப்ஸ் கோர்ட்டு" என்று பெயர் வைத்துவிட்டான். பள்ளியில் மிஸ் "சனிக்கிழமை என்ன பண்ணுவே?" என்று கேட்டதற்கு "எங்கப்பாவும் நானும் பப்ஸ் கோர்ட்டுக்குப் போவோம்" என்றிருக்கிறான். அந்த அம்மா புதுக் கடை என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வழி கேட்டார்.

3 மார்ச் 2024

பப்ஸ் கோர்ட் எங்கே என்று இங்கேயும் ஒருவர் கேட்கிறார். கடவுள் காட்டாமல் இருக்கட்டும்.

14 ஏப்ரல் 2024

சித்திரை முதல் நாள், பையன் அவன் அப்பா வீட்டில். நேரம் இருக்கிறது, நீளமாக எழுதுகிறேன்.

எங்களுக்கு நிலைமை மாறியது சமரச மையத்தில். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் தொடங்கிய ஏற்பாடு அது. பிறகு மாவட்டங்களுக்கும் வந்தது. நாங்கள் போனபோது எதிரே ஒரு வயதான வக்கீலம்மா. யார் மேல் குற்றம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தயார் செய்து கொண்டுபோன ஒப்பாரியெல்லாம் வீணாயிற்று.

அவர் கேட்டது இவை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் பையனை யார் கூட்டிப்போவது? திங்கட்கிழமை யூனிஃபார்ம் யார் துவைப்பது? ஷூ எந்த வீட்டில் இருக்கும்? டைரியில் கையெழுத்து? அப்பா வரத் தாமதமானால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? அவர் வர முடியாத வாரத்துக்குப் பதில் வாரம் உண்டா இல்லையா?

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் ஷூ ஞாபகமே வந்ததில்லை.

அன்று தொடங்கி எழுதியது பிறகு மியூச்சுவல் மனுவோடு, அதாவது இருவரும் சம்மதித்துப் போடும் விவாகரத்து மனுவோடு, போனது. அதிலிருந்து அக்காவுக்கு உதவும் சில விஷயங்கள்.

கைமாற்றும் இடம் பள்ளி. இது அந்த அம்மா சொன்ன யோசனை, இதைவிட நல்லது நான் இன்னும் கேள்விப்படவில்லை. வெள்ளி மாலை பையனின் அப்பா பள்ளியிலிருந்து கூட்டிப்போவார், திங்கள் காலை பள்ளியில் விடுவார். என் வாசலில் அவர் நிற்க வேண்டாம், அவர் முகத்தை நான் பார்க்க வேண்டாம், பையன் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்த்து யார் பக்கம் ஓடுவது என்று திணற வேண்டாம். விடுமுறை நாளில் மட்டும் ஒரு பொது இடம். இரண்டு பேரின் அப்பா அம்மாவும் அங்கே வரக் கூடாது. இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது அவர்தான். அவர் அம்மாவை அவருக்கு நன்றாகத் தெரியும்.

போன். தினமும் இரவு எட்டரைக்கு, பையன் யாரிடம் இருக்கிறானோ அவர் மற்றவருக்குப் போட்டுத் தர வேண்டும். ஸ்பீக்கரில் போடக் கூடாது. 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: கஸ்டடி இல்லாத பெற்றோருக்கு நேரில் பார்க்கும் உரிமை மட்டும் போதாது, தினமும் ஐந்து பத்து நிமிடம் பிள்ளையோடு பேசும் உரிமையும் வேண்டும் என்று. எங்கள் காகிதம் அதற்கு முந்தியது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

பள்ளி மாற்றுவது, ஆபரேஷன், ஊர் மாறுவது மூன்றுக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மற்றதெல்லாம் யாரிடம் இருக்கிறானோ அவர் முடிவு. முடிவெட்டுவதற்கெல்லாம் அனுமதி கேட்டால் வாழ முடியாது. (முடி பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.)

இன்னொன்று. எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் கஸ்டடி கல்வெட்டு ஆகிவிடாது. நிலைமை மாறினால் எந்தப் பக்கமும் திரும்பவும் மனு போடலாம். 1973-இல் ரோஸி ஜேக்கப் வழக்கிலிருந்தே இதுதான். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன வழக்கு அது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று சொன்னதும் அதில்தான். எல்லா வக்கீலும் அந்த வரியை மனுவில் எடுத்துப் போடுவார்கள். பக்கத்துப் பக்கத்திலேயே பையனுக்கு விலை பேசுவார்கள்.

9 ஜூன் 2024

வெயில் அதிகம் என்று இந்த வருடம் பள்ளி திறப்பு ஜூன் 6-இலிருந்து 10-க்குத் தள்ளிப்போனது தெரியும். எங்கள் காகிதத்தில் கோடை விடுமுறையின் இரண்டாம் பாதி அப்பாவிடம், "பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு" திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. தேதி போடவில்லை. அதனால் கூடுதல் நாட்கள் தானாக அவருக்குப் போயின. எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் ஒரு போன் கூடப் பேச வேண்டியிருக்கவில்லை, எனக்கு அது பெரிது.

நேற்று வந்து சேர்ந்தான். கறுத்துப்போய், கிணற்றில் நீச்சல் கற்றுக்கொண்டு.

6 ஜூலை 2024

"பணம் கட்டாதவனுக்குப் பிள்ளையை எதுக்குக் காட்டணும்?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். கோபம் புரிகிறது. ஆனால் கோர்ட் இந்த இரண்டையும் முடிச்சுப் போட விடாது. ஜீவனாம்சம் வரவில்லை என்றால் அதை வசூலிக்க வழி தனி. பார்க்க வருவதைத் தடுக்கக் கூடாது. அதே மாதிரி பிள்ளையைக் காட்டவில்லை என்று அவர் பணத்தை நிறுத்தவும் கூடாது. பிள்ளை வாடகைக்கு விடும் பொருள் இல்லை.

இதுவரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு என்று சொல்லிப் பழகிய ஜீவனாம்ச மனு, இந்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 144. வக்கீல்கள் இன்னும் பத்து வருடத்துக்கு 125 என்றுதான் சொல்வார்கள். 144 என்றால் நமக்கெல்லாம் ஊரடங்குதான் ஞாபகம் வரும்.

மனு போடுகிறவர்கள் 2020-ஆம் ஆண்டு ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பைக் கேட்டு வாங்குங்கள். இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். நாங்கள் செய்தது: பள்ளிக் கட்டணத்தை அவர் நேராகப் பள்ளிக்குக் கட்டுவார், மாதச் செலவு என் கணக்குக்கு. கட்டணம் என் கை வழியாகப் போயிருந்தால் ஒவ்வொரு ஜூனிலும் ரசீது சண்டை வந்திருக்கும்.

4 ஆகஸ்ட் 2024

ஆடி வந்ததால் முடிக் கதை.

அப்போது பையன் இரண்டாம் வகுப்பு. ஒரு வார இறுதிக்குப் போனவன் திங்கள் மாலை பள்ளியிலிருந்து மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து இறங்கினான். குலதெய்வக் கோயிலில் வைத்து அவன் அப்பத்தா முடித்துவிட்டார். அந்த வாரம் ஆண்டு விழா. இவன் கிருஷ்ணன் வேஷம். கொண்டையும் மயிலிறகும் வைக்கத் தலையில் பிடிமானம் இல்லை.

நான் வக்கீலுக்குப் போன் போட்டுக் குமுறினேன். "ஏனுங்கம்மா, மொட்டை அடிச்சதுக்கு எந்த செக்சன்ல மனு போடறது?" என்றார். நியாயமான கேள்வி. பையன் துளிகூடக் கவலைப்படவில்லை. தலையைத் தொட்டுப் பார்க்கப் பத்து பைசா என்று வகுப்பில் வசூல் செய்திருக்கிறான். பத்து பைசா எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை, பென்சிலாக வாங்கியிருப்பான்.

பிறகு இரண்டு பேரும் ஒரு பாராவைச் சேர்த்துக்கொண்டோம். குலதெய்வம் அப்பா வழி, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் மொட்டை, காது குத்து எதுவாக இருந்தாலும் தேதி முன்கூட்டித் தெரிய வேண்டும். காது குத்துக்கு மடி என் தம்பியுடையது. அந்த நாளில் இரண்டு குடும்பமும் ஒரே கோயிலில் இரண்டு மணி நேரம் நின்றோம். என் அம்மாவும் அவர் அம்மாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை.

7 ஆகஸ்ட் 2024

மகள் அப்பாவிடம் வளர்கிறாள், பூப்புச் சீர் வந்தால் என்ன செய்வது என்று கேட்ட அம்மாவுக்கு: தாய்மாமன் சீர் உங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும், அதை இப்போதே பேசி எழுதி வையுங்கள். யார் பத்திரிகை அடிப்பது, அதில் யார் யார் பெயர் என்பது உட்பட. வக்கீல் சிரிப்பார். சிரிக்கட்டும். நம் ஊரில் பாதிச் சண்டை கோர்ட்டில் வராத இந்த மாதிரி விஷயத்தில்தான் வெடிக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த விழா வேண்டுமா என்று மகளையே கேளுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேண்டாம் என்றாலும் ஆச்சரியமில்லை.

25 ஆகஸ்ட் 2024

டீ, பலகாரத் தீர்ப்பு நிஜமா என்றால், நிஜம். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி, குழந்தையைப் பார்க்க வரும் கணவரை விருந்தினராக மதித்துச் சிற்றுண்டி, சாப்பாடு கொடுத்து உபசரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதிதி தேவோ பவ வரைக்கும் வந்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உபசாரப் பகுதியை நீக்கிவிட்டது.

அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கும்மாளம். சட்னி அரைப்பதா வேண்டாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆனால் அந்த நீதிபதி நினைத்ததில் ஒன்று சரி. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்பா வந்தால் அம்மா முகம் எப்படிப் போகிறது என்று அதற்குத் தெரியும். அதற்காக முகத்தை உத்தரவு போட்டு மாற்ற முடியுமா? பள்ளி வாசலில் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு எனக்குப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

15 செப்டம்பர் 2024

பிப்ரவரியில் நான் பதில் சொன்ன அண்ணன் திரும்ப வந்திருக்கிறார். இந்த முறை கோபமாக இல்லை. மகளை மாதம் இரண்டு முறை, இரண்டு மணி நேரம், கோர்ட் அறையில் பார்க்கிறார். மகள் இப்போது "அங்கிள்" என்கிறாளாம்.

அன்று சட்டத்தை மட்டும் பேசிவிட்டு நகர்ந்தேன். இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. கோர்ட் அறையில் இரண்டு மணி நேரத்தில் யாராலும் அப்பாவாக இருக்க முடியாது. வீட்டுப்பாடம் சொல்லித் தர முடியாது, திட்ட முடியாது, பல் வலி பார்க்க முடியாது. பப்ஸ் வாங்கித் தரலாம், அவ்வளவுதான். என் மகனின் அப்பாவும் அந்த அறையில் அப்படி உட்கார்ந்திருந்தவர்தான். எதிர்ப்பக்க நாற்காலியில் இருந்ததால் அப்போது எனக்கு அது கண்ணில் படவில்லை.

கூட்டுக் கஸ்டடி பற்றிக் கேட்கிறீர்கள். சட்ட ஆணையம் 2015 மே மாதம் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆணையத் தலைவர் ஏ.பி. ஷா, நம் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். தனிச் சட்டமாக அது இன்னும் வரவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் நீதிபதிகள் மறுப்பதில்லை. நாங்கள் வைத்திருப்பதும் பெயரில் என் கஸ்டடி, நடைமுறையில் பையனின் அப்பாவிடம் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நீங்கள் ஒரேயடியாகப் பாதி கேட்காதீர்கள். கோர்ட் அறையிலிருந்து வெளியே, பூங்காவோ உங்கள் அம்மா வீடோ, பகல் முழுக்க; பிறகு ஒரு இரவு. ஒவ்வொன்றாக ஐ.ஏ. போடுங்கள். ஒரு சனிக்கிழமையும் தவற விடாதீர்கள். தவறாமல் வந்தார் என்பதற்கு அந்த வருகைப் பதிவேடுதான் சாட்சி.

அம்மா மனசைக் கெடுத்துவிட்டாள் என்ற வாதத்தை வக்கீல் எழுதச் சொன்னாராம். 2017-இல் விவேக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் பேசியது உண்மை. ஆனால் இந்த வருடம் மே மாதம் இன்னொரு வழக்கில், அவசரப்பட்டு யார் மேலும் அந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்று எச்சரித்தது. எழுதினால் எதிர்த்தரப்பு பத்துப் பக்கம் பதில் எழுதும். இடையில் மகளுக்கு ஒரு வயது கூடிவிடும்.

16 செப்டம்பர் 2024

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறான். பையன் அக்காவிடம்தான். இடைக்கால உத்தரவில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை, காலை பத்து முதல் மாலை ஐந்து, இடம் உட்பட எழுதி வாங்கிவிட்டார்கள். மாமா அழைத்துப்போய்ச் சரியாக ஐந்துக்குக் கொண்டுவந்து விடுகிறாராம். ஐந்தாவது சனிக்கிழமை வந்தால் என்ன என்று இப்போது கேட்கிறான். தேறிவிட்டான். அதையும் கேட்டு வாங்கு.

3 நவம்பர் 2024

எங்கள் காகிதத்திலும் ஓட்டை. "தீபாவளி ஒரு வருடம் அம்மாவிடம், அடுத்த வருடம் அப்பாவிடம்." இந்த வருடம் அவருடையது. வியாழன் தீபாவளி, வெள்ளிக்கிழமையும் அரசு விடுமுறை விட்டுவிட்டது, பிறகு சனி, ஞாயிறு. தீபாவளி என்றால் வியாழன் மட்டுமா, நான்கு நாளுமா? அந்த வார இறுதி முறைப்படி என்னுடையது.

பழைய நாளாக இருந்தால் ஐ.ஏ. வந்திருக்கும். இப்போது அவர் அனுப்பிய செய்தி: "வெள்ளி மதியம் விட்டர்றேன். பட்டாசு மீதி இருக்கு, அதையும் கொடுத்து விடறேன்." பட்டாசு வரவில்லை. வழியிலேயே வெடித்துவிட்டார்கள்.

அடுத்த வருடத்துக்கு "தீபாவளிக்கு முந்தின நாள் மாலை ஆறு முதல் மறுநாள் மதியம் பன்னிரண்டு வரை" என்று திருத்திக்கொண்டோம். வாட்ஸ்அப்பில்தான், கோர்ட்டுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் "சரி" என்று தட்டியிருக்கிறோம், போதும்.

22 டிசம்பர் 2024

எந்த அட்டவணையும் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரைதான் தாங்கும் போலிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு முடிந்தது. விடுமுறை யாரிடம் என்று நாங்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் கிரிக்கெட் கோச்சிங் கேம்ப் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். கேம்ப் கோவையில், அவர் இப்போது இருப்பது திருப்பூரில். "யார்கிட்டயும் இல்ல, கிரவுண்டுல இருப்பேன்" என்றான்.

அவருக்கு வருத்தம். எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷம், அது நல்ல சந்தோஷம் இல்லை. அவரே காலையில் திருப்பூரிலிருந்து வந்து கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மதியம் அவனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். காகிதத்தில் இதற்கு வரி இல்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாள் நான் தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போனபோது, பையன் லெக் சைடில் தடுமாறுகிறான் என்று பத்து நிமிடம் விளக்கினார். எனக்கு லெக் சைடு எது என்றே தெரியாது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் பத்தாவது. டியூஷன் எந்த ஊரில் என்ற சண்டை காத்திருக்கிறது.

11 ஜனவரி 2025

பொங்கல் பரிசு வரிசையில் நின்றபடி ஒருவர் ரேஷன் கார்டு பற்றிக் கேட்டிருக்கிறார். இதை முதலிலேயே யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம். விவாகரத்து ஆகிவிட்டாலும் நீங்களும் பிள்ளையும் பழைய கார்டில்தான் இருப்பீர்கள். அதிலிருந்து பெயர் நீக்காமல் புதுக் கார்டு கிடைக்காது. ஆன்லைனில் நீக்கப் போனால் ஓ.டி.பி. அந்தக் கார்டில் பதிந்த நம்பருக்குப் போகும், அதாவது அவருக்கு. கோர்ட் பிரித்த பிறகும் ரேஷன் கடைக் கணக்கில் வெகுகாலம் நாங்கள் ஒரே குடும்பமாகச் சர்க்கரை வாங்கினோம். மியூச்சுவல் கையெழுத்துப் போடும் அன்றே, அவர் போன் கையில் இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

12 ஜனவரி 2025

பாஸ்போர்ட் கேட்டவருக்கு. இரண்டு பேரும் சம்மதம் என்றால் அனெக்சர் டி, இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலோ ஆளே கிடைக்காவிட்டாலோ அனெக்சர் சி, காரணத்தை எழுதி ஒருவரே விண்ணப்பிக்கலாம். கஸ்டடி ஆர்டரின் சான்றிட்ட நகலைக் கையோடு கொண்டுபோங்கள். வழக்கு இன்னும் நடக்கிறது என்றால் மறைக்காமல் அதையும் எழுதுங்கள். பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று எந்த ஆர்டரிலாவது வரி இருக்கிறதா என்று முதலில் வக்கீலிடம் பார்க்கச் சொல்லுங்கள். கடத்தப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, அதனால் இங்கே நீதிபதிகள் அந்த வரியைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடுதான் போடுகிறார்கள். நகலுக்கு இப்போதே காப்பி அப்ளிகேஷன் போட்டு வையுங்கள், பொங்கல் முடிந்து கோர்ட் திறந்தால் கூட்டம் அதிகமாக இருக்கும்.